நைட்ரஜன் கலந்த ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காதா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் யூனிட் நடத்துகிறேன். மாங்காய்த் துண்டுகளை உப்புநீரில் ஊறவைக்கும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில், வெல்டிங் ஓரமாக ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள். ‘நைட்ரஜன் கலந்த ஸ்டீல் வாங்குங்க, துருவே பிடிக்காது, விலையும் குறைவு’ என்கிறார் வியாபாரி. நம்பலாமா?

பதில்: விலை குறைவு என்றால் அது பெரும்பாலும் 200 வரிசை ஸ்டீல். வாங்காதீர்கள். விலை கூடிய நிக்கலைக் குறைத்துவிட்டு, அதன் இடத்தை நிரப்பத்தான் அதில் மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்க்கிறார்கள். 304-க்கே ஓட்டை விழுந்த உப்புநீரில் அது இன்னும் சீக்கிரம் போகும்.

ஆனால் நைட்ரஜன் அரிப்பைத் தடுக்கும் என்பது உண்மைதான். உப்பிலுள்ள குளோரைடு ஸ்டீலின் மேல்படலத்தை ஓரிடத்தில் உடைத்ததும் சிறு குழி விழும். குழிக்குள் அமிலம் சேரச் சேர அது ஆழமாகும். ஸ்டீலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே வெளிப்பட்டு, ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து அம்மோனியமாகிறது. அமிலம் தணிவதால் படலம் திரும்ப மூட வாய்ப்பு கிடைக்கிறது. மாலிப்டினமும் கூட இருந்தால் பலன் அதிகம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு: குரோமியம் சதவீதம், மாலிப்டினம் 3.3 மடங்கு, நைட்ரஜன் 16 மடங்கு, மூன்றையும் கூட்டுங்கள். எண் கூடக் கூட, குழி விழுவதைத் தாங்கும் திறன் கூடும். 304-க்குச் சுமார் 19, 316எல்-க்கு 24, நைட்ரஜனும் மாலிப்டினமும் கலந்த டூப்ளெக்ஸ் ரகமான 2205-க்கு 35 வரும். 200 வரிசையின் 201-க்கும் 19 பக்கம் வந்துவிடும், அதை நம்பிவிடாதீர்கள். மாங்கனீசு செய்யும் கெடுதல் இந்தக் கணக்கில் சேராது.

2205-இல் காந்தம் ஒட்டும். மட்டமான ஸ்டீல் என்று தள்ள வேண்டாம். ஆனால் சுத்த ஆர்கான் வாயுவில் டிக் (TIG) வெல்டிங் செய்தால் வெல்டிங் இணைப்பிலிருந்து நைட்ரஜன் வெளியேறிவிடும். 2 சதவீதம் வரை நைட்ரஜன் கலந்த ஆர்கானும் 2209 ரக வெல்டிங் கம்பியும் கேளுங்கள். எந்த ஸ்டீலானாலும் வெல்டிங் ஓரத்து நீலம், பழுப்பு நிறத்தைப் பிக்ளிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுத்தே ஆக வேண்டும். உங்கள் ஓட்டைகள் அங்கிருந்து தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் ஃப்ளோரைடை நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். அந்த அளவு ஸ்டீலை ஒன்றும் செய்யாது, குளோரைடைப் பரிசோதியுங்கள்.

சரி, என்ன வாங்குவது? உப்பு ஊறலுக்கு உணவுத்தரப் பிளாஸ்டிக் தொட்டியே போதும். கூழ்த் தொட்டிக்கு 316எல். எதை வாங்கினாலும் மில் சர்டிபிகேட்டை (ஸ்டீல் ஆலை தரும் கலவைச் சான்றிதழை)க் கையில் வாங்கி, குரோமியம், மாலிப்டினம், நைட்ரஜன், மாங்கனீசு நான்கையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.