364 நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்து எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒரு வீட்டுப் பையனுக்கு 19 வயது. எட்டு வயதில் இங்கே வந்தவன், கிரீன் கார்டு இருக்கிறது. நண்பர்களோடு கடையில் பொருள் திருடினான் என்று கைதாகி வழக்கு நடக்கிறது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் அப்பா என்னிடம் தனியாக வந்து, கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, வாய்தா அன்று கூட வர முடியுமா என்று கேட்டார். "நாமே விசாவில் இருக்கிறோம், நமக்கு எதற்கு?" என்கிறாள் மனைவி. தப்பு செய்தவனுக்குப் பரிந்து பேசுவது சரியா? நாங்கள் போய் உட்கார்ந்தால் அங்கே என்ன மாறிவிடும்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

போங்கள். கடிதமும் எழுதிக் கொடுங்கள்.

அவன் இந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் வழக்கு தண்டனையோடு முடிந்துவிடும். கிரீன் கார்டுக்காரனுக்கு அப்படி முடியாது. 1996-ல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, திருட்டு வழக்கில் ஓராண்டு தண்டனை விழுந்தால் அது 'அக்ரவேட்டட் ஃபெலனி', அதாவது நாடுகடத்தலுக்கு வழிவிடும் கடுங்குற்றம். 1988-ல் இந்தச் சொல் சட்டத்துக்குள் வந்தபோது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் இவைதான் அதில் இருந்தன. இன்று கடைத் திருட்டும் அதில் மாட்டலாம். நீதிபதி தண்டனையை நிறுத்திவைத்து, ஒரு நாள்கூட உள்ளே போகாமல் வீட்டுக்கு அனுப்பினாலும் கணக்கில் அது ஓராண்டுதான். அந்த முத்திரை விழுந்தால், எட்டு வயதிலிருந்து இங்கே வளர்ந்தவன் என்று குடிவரவு நீதிபதி இரக்கப்பட்டாலும் கிரீன் கார்டைக் காப்பாற்றிக் கொடுக்க அவருக்கு அநேகமாக வழியே இருக்காது. 365 நாள் என்றால் நாடுகடத்தல். 364 என்றால் அந்த முத்திரை இல்லை.

அந்த ஒரு நாளைக் கழிப்பதற்காகவே சில மாநிலங்கள் சட்டம் போட்டன. வாஷிங்டன் 2011-லேயே செய்தது. கலிஃபோர்னியாவில் 2015 முதல் மிஸ்டிமீனர் எனும் சிறு குற்ற வழக்கில் அதிகபட்சம் 364 நாள்தான். நியூயார்க் 2019-ல் வந்து சேர்ந்தது. ஆனால் வழக்கு ஃபெலனியாக, அதாவது பெருங்குற்றமாகப் போடப்பட்டிருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. அது எதுவாக முடியும் என்பதை அரசு வக்கீலும் பையனின் வக்கீலும் பேசி முடிக்கும் பேரம்தான் தீர்மானிக்கும். நீங்கள் உதவ முடிவதும் அதற்கு முன்னால்தான்.

ஹோசே படீயா என்றொருவர். ஹோண்டுராஸில் பிறந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், 40 ஆண்டுக்கு மேல் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர். லாரியில் கஞ்சா ஏற்றிவந்த வழக்கில், "இவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், குடிவரவு பற்றிக் கவலை வேண்டாம்" என்று அவருடைய வக்கீலே சொன்னார். நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் வாசலில் வந்து நின்றது. 2010-ல் உச்ச நீதிமன்றம், நாடுகடத்தல் ஆபத்தைக் கட்சிக்காரரிடம் சொல்லவேண்டியது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே பையனின் அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள்: குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டீர்களா என்று வக்கீலிடம் விசாரிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. குடிவரவு நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கிடைக்கமாட்டார். இங்கே விட்டதை அங்கே பிடிப்பது மிகக் கடினம்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் 2016 முதல், பேரம் பேசும்போது குடிவரவு விளைவைத் தவிர்க்க முடியுமா என்று அரசு வக்கீலும் பார்க்கவேண்டும் என்பது சட்டம். அவரிடம் என்ன காட்டிப் பேசுவது? போலீஸ் அறிக்கையில் இருப்பது கைதான அந்த ஒரு ராத்திரி மட்டும். மீதி வாழ்க்கையைத் தெரிந்தவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

உங்கள் பக்கத்து சான் ஹோசேயில் 'சிலிக்கான் வேலி டீபக்' என்ற அமைப்பு இதையே முறையாகச் செய்கிறது. ராஜ் ஜெயதேவ் தொடங்கியது. சிறையில் இருப்பவர்களின் குடும்பங்கள் கூடி உட்கார்ந்து போலீஸ் அறிக்கையை வரிவரியாகப் படிப்பார்கள். வக்கீலிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதுவார்கள். அந்த மனிதரின் பள்ளிச் சான்றிதழ், வேலை, பிள்ளைகளின் படம் எல்லாம் தொகுத்து வக்கீல் கையில் கொடுப்பார்கள். ஒரு முறை நானும் போய் உட்கார்ந்தேன். பலகையில் வரிசையாகப் பெயர்கள். வழக்கு முடிந்து வீடு திரும்பியவர் தானே வந்து தன் பெயரை அழிக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருவர் டஸ்டரை எடுக்காமல் உள்ளங்கையாலேயே அழித்தார். பிறகு மைக்கறை படிந்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் அம்மா எழுந்து வரவில்லை, முந்தைய வரிசையின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

தப்புக்குப் பரிந்து பேசுவதா என்றால், இல்லை. அவன் செய்யவில்லை என்று நீங்கள் சொல்லப்போவதில்லை. செய்திருந்தால் அதற்குரியதை அனுபவிக்கட்டும். அதே கடையில் அதே பொருளை எடுத்த குடிமகன் நண்பன் ஆறு மாதத்தில் கல்லூரிக்குத் திரும்ப, இவன் மட்டும் 11 ஆண்டு வாழாத ஊருக்கு அனுப்பப்படுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கடிதத்தில் "நல்ல பையன்" என்று மட்டும் எழுதாதீர்கள். நீதிபதி அதைத் தினமும் படிக்கிறார். உங்கள் மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தானா, பொங்கல் விழா முடிந்ததும் கடைசிவரை நின்று நாற்காலி அடுக்கினானா, கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், வாட்ஸாப்பிலும் வேண்டாம். கடிதத்தை நேரே நீதிபதிக்கு அனுப்பாமல் வக்கீலிடம் கொடுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தைக் குறைசொல்ல மாட்டேன், இன்றைய நிலையில் அது நியாயமான பயம். உங்கள் விசா வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தயங்கினால் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். குழுவில் குடியுரிமை வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், கோர்ட்டில் வந்து உட்கார அவர்களைக் கேளுங்கள். முதலில் நீங்கள் கேட்டால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள்.

வாய்தா தேதியை எழுதுங்கள். சான் ஹோசே ஹெட்டிங் தெருக் கோர்ட்டாக இருந்தால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா