ஏபிசிடி தெரியுது, படிக்க வரலையே டீச்சர்!

கேள்வி: வணக்கம் டீச்சர், பையன் யூகேஜி. ஸ்கூல்ல எழுத்தோட சத்தத்த வச்சு படிக்கிற ஃபோனிக்ஸ் சொல்லித்தர்றாங்க, 26 எழுத்துக்கும் சத்தம் கேட்டா டக்குடக்குனு சொல்றான், ஆனா எஸ், ஐ, டீ எழுதி சேர்த்து படிடான்னா "ஸ... இ... ட..."ன்னு இழுத்துட்டு கடைசில "ஸயிட"ங்கிறான். ஆன்லைன்ல ஃபோனிக்ஸ் கிளாஸ் சேக்கலாமான்னு வீட்ல ஒரே பேச்சு. – வாசகி, திருப்பூர்

பதில்: கிளாஸ அப்புறம் பாத்துக்கலாம்மா, காசு எங்கயும் போயிடாது. உங்க பையன் சரியாத்தான் சேக்கறான், அவனுக்கு பழக்கின சத்தத்துலதான் அ-ன்னு ஒரு வால் ஒட்டிக்கிட்டிருக்கு. ஸ்-னு வெறும் காத்தா வர வேண்டியது ஸ ஆயிடுச்சு, ட் வந்து ட ஆயிடுச்சு, அப்புறம் ஸ, இ, ட மூணையும் சேத்தா ஸயிட தானே வரும், அவன் என்ன பண்ணுவான் பாவம்!

இதுல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, அத யாரும் யூஸ் பண்றதே இல்ல. புள்ளி வச்ச எழுத்து. க் கூட அ சேந்தா க, இ சேந்தா கி, இது நம்ம பிள்ளைங்க தமிழ்ல படிக்கிற பாடம்தான், அதே வேலையத்தான் இங்கிலீஷ்ல பிளெண்டிங்ங்கறாங்க. ஸ், இ, ட் – ஸிட். ஒரே ஒரு விஷயம், நாமல்லாம் இக், இங், இச்னு முன்னாடி ஒரு இ போட்டு ராகமா படிச்சு வளந்தவங்க, அந்த இ-யும் இங்க வேணாம்.

முதல்ல இழுக்க முடியற சத்தத்துல ஆரம்பிக்கற வார்த்தையா எடுங்க. ஸ், ம், ன், ஃப் இதெல்லாம் மூச்சு இருக்கற வரைக்கும் இழுக்கலாம், ஸ்ஸ்ஸிப், ஸ்ஸ்ஸன், ஃப்ஃப்ஃபின், நடுவுல நிறுத்தாம அடுத்த சத்தத்துக்கு வழுக்கிட்டு போயிடலாம். ப், ட், க் இழுக்க வராது, இழுக்கப் போனாத்தான் அந்த அ வந்து உக்காந்துக்கும், அதனால அந்த வார்த்தைங்க பின்னாடி.

புக்கே இல்லாம நாள் பூரா பண்ணலாம், சமையல் பண்ணிட்டே "கண்ணா அந்த க்-அ-ப் எடுத்துட்டு வா", "ப்-எ-ன் எங்க?", "ப்-எ-ட் மேல ஏறாத"ன்னு சொல்லிப் பாருங்க, எல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வார்த்தைதான், காதுல சேக்கப் பழகிட்டா கண்ணுல சேக்கறது ஈஸி.

பென்ல வர்ற பீ-க்கும், மெத்தை பெட்ல வர்ற பி-க்கும் நம்ம எழுத்துல ஒரே ப் தான், அதனால குழப்பம் வரும். வாய்க்கு முன்னாடி உள்ளங்கைய வச்சு பென்-னு சொல்லச் சொல்லுங்க, கொஞ்சம் அழுத்திச் சொன்னா காத்து வந்து கைல அடிக்கும். பெட்-னு சொன்னா அப்படி அடிக்காது, தொண்டைல தொட்டுப் பாத்தா ஆரம்பிக்கறப்பவே அதிரும்.

அப்புறம் சுவத்துல ஒட்டற சார்ட், அதப் பத்தி சொல்லாம விட முடியல! ஐ-க்கு ஐஸ்கிரீம், ஜீ-க்கு ஜிராஃப், எக்ஸ்-க்கு சைலோஃபோன். ஐஸ்கிரீம்ல ஐ-ங்கற பேருதான் கேக்குது, ஜிராஃப்ல ஜ் சத்தம், சைலோஃபோன்ல வர்றது இஸட்டோட சத்தம்ங்க, எக்ஸோட க்ஸ் சத்தம் பாக்ஸ், ஃபாக்ஸ்ல கடைசியில வரும். ஐ-க்கு இங்க், ஜீ-க்கு கோட், அதாவது ஆடு படத்த ஒட்டிக்கோங்க.

கேள்வி: பேத்திக்கு ஐந்து வயசு ஆச்சு, ஏபிசிடி வரிசையா சொல்லத் தெரியல, ஆனா பின், டின்னு படிக்கிறாள். ஸ்கூல்ல எஸ், ஏ, டீ, பீன்னு ஏதோ ஒரு வரிசை. நிஜமாவே படிக்கிறாளா, மனப்பாடமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: நல்ல ஸ்கூல்தான் ஐயா. எஸ், ஏ, டீ, பீ, ஐ, என், இங்கிலாந்துலயும் நிறைய ஸ்கூல்ல இந்த ஆறுலதான் தொடங்கறாங்க, ஏன்னா இத மட்டும் வச்சே ஸிட், பின், டின், டிப், நிப்னு அன்னைக்கே படிக்கலாம், ஏ, பி, சி, டி மட்டும் வச்சுக்கிட்டு அத்தனை சின்ன வார்த்தை கிடைக்காது. எழுத்தோட பேரு வேற சத்தம் வேற, டபிள்யூங்கற பேருல வ் இருக்கா சொல்லுங்க! வரிசை டிக்ஷனரி பாக்கறப்போ தேவைப்படும், மெல்ல வரட்டும்.

மனப்பாடமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. இங்கிலாந்துல 2012-லேர்ந்து ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு 40 வார்த்தை கொடுத்து படிக்கச் சொல்றாங்க, அதுல பாதி அர்த்தமே இல்லாத வார்த்தை, பக்கத்துல ஒரு விசித்திர ஜந்து படம் போட்டிருக்கும், அதோட பேருன்னு பிள்ளைங்க நினைச்சுக்கும். நீங்களும் நிஸ், மிப், நெப்னு அர்த்தமில்லாத வார்த்தையா இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுங்க, படிச்சுட்டாள்னா சத்தம் சேத்துத்தான் படிக்கிறா.

தி (the), வாஸ் (was), ஸெட் (said) மாதிரி சிலது மட்டும் சொன்னபடி கேக்காது. அதுக்காக முழுசா மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, ஸெட்ல முன்னாடி எஸ், பின்னாடி டி ஒழுங்காத்தான் இருக்கு, நடுவுல ஏ, ஐ ரெண்டும் சேந்து எ-ங்குது, அந்த இடத்த மட்டும் பென்சில்ல வட்டம் போட்டுக் காட்டிடுங்க.