பூச்சட்டிக்கு அடிச்ச சாயம் ஏன் உரியுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு வீட்டுக்கு சாயம் அடிச்சது போக மிச்சம் இருந்துச்சு, நானும் மகளும் சேந்து வாசல்ல இருக்கிற மண்சட்டிக்கெல்லாம் கலர் கலரா அடிச்சு, மேல கோலம் மாதிரி வெள்ளையில புள்ளி வச்சோம், அவ்ளோ அழகா இருந்துச்சு. பொங்கல் வர்றதுக்குள்ள கொப்புளம் கொப்புளமா கெளம்பி உரியுது, ரெண்டு மூணு சட்டியில வெள்ளையா உப்பு பூத்த மாதிரியும் இருக்கு. மகளுக்கு ரொம்ப வருத்தம். சாயம் மட்டமோ?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சாயத்து மேல பழி போடாதீங்க தங்கச்சி. உங்க ஊருக்குப் பக்கத்துல கோலகங்சார்ல லாபு சாயோங் செய்றாங்க இல்லையா, அந்தக் கறுப்பு மண்கூஜாவுல தண்ணி ஊத்தி வச்சா ஏன் சில்லுன்னு இருக்கு? மண்ணு வழியா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வெளிய வந்து ஆவியாகுது, அதனாலதான். உங்க பூச்சட்டியிலயும் அதேதான் நடக்குது. நீங்க செடிக்கு ஊத்துற தண்ணி சட்டிச் சுவர் வழியா வெளிய வரப் பாக்குது, வெளிய சாயம் அடைச்சிக்கிட்டு நிக்குது, அப்புறம் தண்ணி சாயத்தை உள்ளேர்ந்து தள்ளிடுது. வர்ற தண்ணி மண்ணுல இருக்கிற உப்பு, உரத்துல இருக்கிற உப்பு எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வந்து வெளிய விட்டுட்டுக் காஞ்சிடுது, நீங்க பாத்த வெள்ளைப்பூப்பு அதுதான்.

அதனால மண்சட்டியைப் பொறுத்தவரைக்கும் வேலை உள்பக்கத்துலதான் ஆரம்பிக்கணும், நான் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். செடியை எடுத்து வேற எதுலயாவது வச்சிட்டு சட்டியை நல்லா கழுவுங்க, உரியிற சாயத்தைச் சொரண்டி எடுங்க, உப்பு இருக்கிற எடத்துல வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து பிரஷ் போட்டுத் தேச்சு அலசிடுங்க. அப்புறம் காய விடுங்க, இங்கதான் நெறைய பேரு அவசரப்படுறாங்க. அக்டோபர் நவம்பர்ல மத்தியானம் ஆனா மழை கொட்டுது, காத்துலயே ஈரம், தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா சுவருக்குள்ள ஈரம் இருக்கும். காலைல வெயில்ல வச்சு மழைக்கு முன்னாடி உள்ள எடுத்து வச்சு, மூணு நாலு நாளாவது காய விடுங்க. ஒரு பிளாஸ்டிக் துண்டை சட்டி மேல டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்க, காலைல பிளாஸ்டிக்ல பனி பூத்திருந்தா இன்னும் காயல.

காஞ்சப்புறம் 120 நம்பர் சேண்ட் பேப்பர்ல தேச்சு, தூசி தொடச்சிட்டு, உள்பக்கம் ரெண்டு கோட் தண்ணி கலக்குற அக்ரிலிக் சீலர் (ஈரம் ஊறாம அடைக்கிற பூச்சு) அடிங்க, ஹார்ட்வேர் கடையில கேட்டா குடுப்பாங்க. அடியில இருக்கிற ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க. அது காஞ்சதும் வெளிய ஒரு கோட் ப்ரைமர் (சாயம் பிடிக்கறதுக்கு அடியில அடிக்கிற பூச்சு), அப்புறம் வெளிச்சுவருக்கு அடிக்கிற எமல்ஷன். மொத கோட்டுல பத்துக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து மெல்லிசா அடிங்க, ஒரே தடவையில கெட்டியா அப்புறதவிட மெல்லிசா ரெண்டு தடவ அடிக்கிறதுதான் நிக்கும். புள்ளிக் கோலம் மகள் கையாலேயே வைக்கட்டும், பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பரை சாயத்துல தொட்டு வச்சா எல்லாப் புள்ளியும் ஒரே அளவா வரும். கடைசியா வெளிய ஒரு கோட் கிளியர் சீலர், அப்புறம் ஒரு வாரம் கழிச்சு செடியை நடுங்க.

ஒண்ணு சொல்லிடறேன், ஆர்கிட் வச்சிருக்கிற மண்சட்டிக்கு இதெல்லாம் பண்ணாதீங்க. அதுக்கு வேர்ல காத்து வேணும், சட்டி மூச்சு விடணும். ஆசையா இருந்தா விளிம்புல மட்டும் ஒரு பட்டை அடிங்க, அதுவே நல்லா இருக்கும்.

கேள்வி: எங்க பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) சீவுன காலத்துல பால் பிடிச்ச பீங்கான் மங்கு நெறைய கெடக்கு அக்கா, சின்னச் செடி வச்சு கலர் அடிச்சு வேலியில வரிசையா தொங்க விடலாம்னு ஆசை. சாயம் நிக்குமா?
வாசகர், தாப்பா

பதில்: ஆசை ரொம்ப நல்ல ஆசை தம்பி, அந்த மங்கையெல்லாம் தூக்கிப் போடாம வச்சிருக்கீங்களே அதுவே பெரிய விசயம். ஆனா பளபளப்பா கிளேஸ் போட்டது, சாயம் பிடிக்க அதுல ஒண்ணும் கெடையாது, நகத்தால கீறுனாலே வந்துடும். அடிச்சே ஆகணும்னா சேண்ட் பேப்பர்ல பளபளப்பு போற வரைக்கும் தேச்சு, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு, வழவழப்பான எடத்துல ஒட்டுற ப்ரைமர் போட்டு அடிக்கலாம். என்னைக் கேட்டா அடிக்காதீங்கன்னுதான் சொல்வேன். பாட்டி கை பட்ட மங்கு, உள்ள காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கிற ரப்பர் பாலைச் சுடுதண்ணியில ஊற வச்சு உரிச்சிட்டு அப்படியே வையுங்க, தொங்கவிடுற கம்பியையோ பின்னாடி இருக்கிற பலகையையோ கலர் பண்ணுங்க.

பெரிய பிரச்சனை ஓட்டை இல்லாததுதான். டிரில் மெஷின்ல டைல் ஓட்டை போடுற பிட் வச்சு, சுத்தியல் மோடு ஆஃப் பண்ணிட்டு, மெதுவா, தண்ணி விட்டுக்கிட்டே போட்டா உடையாது. முடியலன்னா ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் கப்புல செடியை வச்சு அதை மங்குக்குள்ள இறக்கிடுங்க. ஆனா உள்ள தேங்குற தண்ணியை வாரத்துக்கு ஒரு தடவயாவது கொட்டி, சுவரைத் தேச்சுக் கழுவணும். ஏடிஸ் கொசு முட்டை காஞ்சு போயும் மாசக்கணக்குல உசிரோட ஒட்டிக்கிட்டிருக்கும், தண்ணி பட்டதும் பொரிஞ்சிடும், முட்டைலேர்ந்து கொசு ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். மலேசியாவுல 1975-ம் வருசத்து நோய் பரப்புற பூச்சி ஒழிப்புச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் காம்பவுண்டும் (அபராதமும்) வரும், அதைவிட டெங்கி காய்ச்சல் வந்து பிள்ளைங்க படுத்தா தாங்குமா? செடிச் சட்டிக்கு அடியில வைக்கிற தட்டுக்கும் இதேதான்.

கேள்வி: சிமெண்டுல நானே சட்டி செஞ்சேன், மறுநாளே எண்ணெய் சாயம் அடிக்கலாமா?
வாசகர், பீடோர்

பதில்: வேண்டாம் அண்ணே. புது சிமெண்டுல காரம் அதிகம், அது எண்ணெய் சாயத்தை சோப்பு மாதிரி ஆக்கிடும், அப்புறம் பிசுபிசுன்னு உரியும். ஒரு மாசம் ஆற விட்டு, சிமெண்டுக்குன்னு விக்கிற சீலர் அடிச்சிட்டு, எமல்ஷன் அடிங்க.

கேள்வி: பொங்கல் பானைக்கு அக்ரிலிக்ல படம் வரைஞ்சு அடுப்புல வைக்கலாமா? பொங்கல் முடிஞ்சதும் அதுலயே செடி வைக்கலாம்னு இருக்கேன்.
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அடுப்புல வைக்கிற பானைக்கு அக்ரிலிக் கூடவே கூடாதும்மா. சூட்டுல கருகி நாத்தம் வரும், புகையும் வரும், சாமிக்குப் படைக்கிற பொங்கல்ல அது எதுக்கு? அரிசிமாவைக் கரைச்சு கோடு போடுங்க, மஞ்சள் பூசுங்க, குங்குமம் வையுங்க, மஞ்சக்கொத்து கட்டுங்க, அதுக்கு மேல என்ன அலங்காரம் வேணும். பொங்கல் முடிஞ்சு பானையை நல்லா கழுவிக் காய வச்சு, அடியில ஓட்டை போட்டுட்டு, அப்போ மேல சொன்ன மாதிரி உள்பக்கம் சீலர் அடிச்சு உங்க இஷ்டத்துக்கு வரைஞ்சுக்கங்க. கருவேப்பிலை, துளசி மாதிரி வாயில போடுற செடி வைக்கப் போறீங்கன்னா உள்பக்கம் சீலரும் வேண்டாம், சாயமும் வேண்டாம், வெளிய விளிம்புல மட்டும் அடிங்க. வீட்டு ஸ்டோர்ல ரொம்ப வருசமா கெடக்கிற பழைய எண்ணெய் சாய டின்னை இதுக்கெல்லாம் தொடாதீங்க, பழசுல ஈயம் இருக்கலாம்.