இடுப்பு டிஸ்க்கும் இழுவை மேசையும்: சுங்கை சிப்புட் மக்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசிய அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்போது யாருக்கு இடுப்பு பிடித்தாலும் 'டிகம்ப்ரஷன்', அதாவது மேசையில் கட்டி முதுகை இழுக்கும் சிகிச்சை பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், மேசையில் படுத்தால் போதும் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். யாரையும் தொட்டுப் பரிசோதிக்காமல் சொல்லும் பதில்கள் இவை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஆண்ட்டி, அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) லோரி ஓட்டுகிறார், வயது 52. இடுப்பிலிருந்து இடது கால் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கிறது. ஈப்போவில் ஒரு தனியார் மையத்தில் 24 தடவை டிகம்ப்ரஷன் செய்யச் சொல்கிறார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் கழிவு உண்டாம். அம்மா சங்கிலியை அடகு வைக்கலாமா என்று பார்க்கிறார். உண்மையிலேயே ஜவ்வு உள்ளே போய்விடுமா?

சங்கிலி இப்போதைக்கு அம்மா கழுத்திலேயே இருக்கட்டும் தம்பி.

அந்த மேசையில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். மேசை இரண்டு பாதியாக இருக்கும். நெஞ்சுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை கட்டுவார்கள். கீழ்ப்பாதியை மோட்டார் நகர்த்தும். சில விநாடி இழுக்கும், கொஞ்சம் தளர்த்தும், மறுபடி இழுக்கும். இழுக்கும் அளவை கணினி பார்த்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். அதாவது, நாங்கள் மருத்துவமனையில் காலம் காலமாகச் செய்துவந்த இழுவை சிகிச்சையான டிராக்‌ஷன்தான் இது. கிரேக்க நாட்டு ஹிப்போகிராட்டஸ் காலத்திலேயே நோயாளியைப் பலகையில் கட்டி இழுத்திருக்கிறார்கள். 1990களில் கணினியும் புதுப்பெயரும் சேர்ந்தன, விலையும் ஏறியது.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வுதான் டிஸ்க். அதைக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான தோல், உள்ளே மெத்தென்ற பூரணம். தோல் கிழிந்தால் பூரணம் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை உரசுகிறது. அந்த இடத்தில் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். மேசைக்காரர்கள் சொல்வது, முதுகை இழுத்தால் டிஸ்க்குக்குள் அழுத்தம் குறைந்து, பிதுங்கியது உள்ளே உறிஞ்சப்படும் என்று. இழுக்கும்போது அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகிறது என்று 1994-ல் ஓர் ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அதில் அளந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான். மேசையை விட்டு எழுந்து நின்றதும் உடம்பின் பாரம் மறுபடி அதே டிஸ்க் மேல்தான் இறங்குகிறது.

சரி, வலி குறைகிறதா? 2013-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, இழுவை சிகிச்சை பற்றிய 32 சோதனைகளை, மொத்தம் 2,762 பேரின் விவரத்தை, ஒன்றாகப் போட்டுப் பார்த்தது. காலில் இறங்கும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வலியிலோ வேலைக்குத் திரும்புவதிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கு டிராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. கணினி மேசை பழைய டிராக்‌ஷன் போல் இல்லை என்று அவர்கள் வாதாடுவார்கள். அப்படி வாதாடுகிறவர்கள்தான் நல்ல, பெரிய, விற்பனையாளர் பணம் கலக்காத சோதனையைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்டவை மிகவும் குறைவு.

உங்கள் அப்பாவுக்குச் சுண்டுவிரல் பக்கம் இழுப்பதால் பெரும்பாலும் கடைசி டிஸ்க், எல்5-எஸ்1 என்று நினைக்கிறேன். அவரை இடது காலில் மட்டும் நுனிவிரலில் எழும்பச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் நரம்பில் பலம் குறைகிறது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். முடிந்தால் அவசரமில்லை. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, நிபுணரைப் பார்க்கக் கடிதம் வாங்கிக்கொண்டு போகட்டும். அதுவரை லோரியை மணிக்கொரு தடவை நிறுத்தி இறங்கி நடக்கச் சொல்லுங்கள்.

அக்கா, நான் செம்பனைக் குலை வெட்டுபவன், 38 வயது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இனி காலம் முழுக்க இப்படித்தானா?

இல்லை. பிதுங்கி வந்ததை நம் உடம்பே அந்நியப் பொருளாகக் கண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இதைப் பற்றிய ஆய்வுகளை 2015-ல் தொகுத்தவர்கள் கண்டது வேடிக்கையானது: லேசாக உப்பியிருக்கும் டிஸ்க்கில் 13 சதவீதம்தான் தானாகச் சுருங்கியது, பிதுங்கியதில் 41, நன்றாக வெளியே வழிந்ததில் 70, துண்டாகவே பிரிந்துவிட்டதில் 96 சதவீதம். பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் சீக்கிரம் கரைகிறது! அதனால்தான் விளம்பரங்களில் வரும் 'முன்', 'பின்' எம்.ஆர்.ஐ. படங்களை நான் மதிப்பதே இல்லை. மேசையில் படுக்காமல் வீட்டில் இருந்தவருக்கும் அதே படம் கிடைத்திருக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகு வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் உப்பியிருக்கிறது. படத்துக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி நன்றாக இறங்கிவிடும். வேலைதான் உங்களுக்குச் சிக்கல். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) எம்.சி., அதாவது டாக்டரின் விடுப்புச் சான்று, காட்டி லேசான வேலை கேளுங்கள். ஆனால் 'லேசான வேலை' என்று உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்கக் குனிவதைவிடக் குலை வெட்டுவதே மேல். 1999-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அளவுமானி வைத்துப் பார்த்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. நம் செம்பனைக் குலை பல நேரம் 20 கிலோவைத் தாண்டும், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மெஷின் என்கிறார்களே, மேடம்?

எஃப்.டி.ஏ. என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. அங்கே இதை மின்சார டிராக்‌ஷன் கருவி என்ற வகையில் விற்க அனுமதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கருவிக்குச் சமமானது என்பதுதான் அந்த அனுமதி. டிஸ்க்கைக் குணமாக்கும் என்ற சான்றிதழ் அல்ல. அதைவிட, உங்களை மேசையில் கட்டுகிறவர் யார் என்று கேளுங்கள். நம் நாட்டில் 2016-ல் வந்த சட்டங்களின்படி பிசியோதெரபிஸ்டும் பதிவு செய்ய வேண்டும், கைரோபிராக்டரும் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்பவர்) பதிவு செய்ய வேண்டும். வெள்ளைக் கோட்டு யார் வேண்டுமானாலும் போடலாம்.

அம்மாவுக்கு 70 வயது, எலும்புத் தேய்மானத்துக்கு (ஆஸ்டியோபொரோசிஸ்) மாத்திரை சாப்பிடுகிறார். மேசையில் படுக்க வைக்கலாமா?

வேண்டாம். எலும்பு பலவீனமானவர்கள், முதுகில் கம்பி, திருகு வைத்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோயோ கிருமித் தொற்றோ முதுகெலும்பில் இருப்பவர்கள், வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவர்கள், இவர்களை இழுக்கவே கூடாது. இதையெல்லாம் கேட்காமல் நேராக மேசையைக் காட்டும் இடத்திலிருந்து வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

தங்கச்சி, நான் இன்னும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறேன். இடுப்பு பிடித்தால் பலகையில் ஒரு மாதம் படுக்க வேண்டும் என்று அந்தக் காலத்து டிரெசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) சொல்வார். சரியா?

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் அண்ணே. இப்போது ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுக்க வேண்டாம் என்கிறோம். படுத்தே கிடந்தால் தசை இளைத்துப்போகும், வலி குறையாது. வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், உட்காருவதைக் குறையுங்கள். பலருக்குக் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது உதவும். அதைச் செய்யும்போது காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்பில் மட்டும் நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. வலி பாதம் நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

காலையில் எழுந்தவுடன் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். இரவில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகிவிடுவதே அதனால்தான். பால் வெட்டுக்காரர்கள் குனிவதோ சரியாக அந்த நேரத்தில்! கீழ்ப்பட்டை மரங்களை முதலில் வெட்டாமல், எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு வெட்டுங்கள். வாளிகளை நிரப்பாமல் காண்டாவின் (தோளில் சுமக்கும் கம்பு) இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத் தூக்குங்கள்.

சின்சே (சீன நாட்டு வைத்தியர்) எலும்பைத் தட்டி உள்ளே தள்ளுவாராம். போகலாமா?

டிஸ்க்கைக் கையால் தள்ள முடியாது. மேலே தசையைப் பிடித்துவிட்டால் இதமாக இருக்கும், அந்த அளவுக்குத் தப்பில்லை. கால் பலம் குறைந்திருக்கும்போது முதுகில் ஏறி மிதிக்கவோ முறுக்கவோ விடாதீர்கள்.

மனைவிக்கு ஒரு மாதமாக டிஸ்க் வலி. நேற்றிலிருந்து உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் வருவது தெரியவில்லை என்கிறாள். அடுத்த வாரம் டிகம்ப்ரஷனுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.

இவரிடம் அன்றே போனில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாதது, இரண்டு காலும் தளர்வது: இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999. முதுகின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று பொருள். 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, ஆபரேஷன் செய்தால்தான் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. மேசை, மாத்திரை, எண்ணெய் எதுவும் இங்கே உதவாது.

ஆபரேஷன் செய்தால் சக்கர நாற்காலிதான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

அப்படி ஆவது மிக அரிது. பயமுறுத்துகிறவர்களில் பாதிப்பேர் எதையோ விற்கிறவர்கள். நெதர்லாந்தில் 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மறுபகுதிக்குக் காத்திருப்பு என்று செய்துபார்த்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே கால் பலம் குறையவில்லை என்றால் காத்திருக்கலாம், தாங்க முடியவில்லை என்றால் செய்துகொள்ளலாம். இரண்டும் கௌரவமான முடிவுதான்.

தோட்டத்தில் குலை தூக்கும்போதுதான் பிடித்தது. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் கிடைக்குமா?

வேலையின்போது நடந்த விபத்து என்றால் கேட்கலாம். அன்றே கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) சொல்லி எழுதவைத்து, அன்றே டாக்டரைப் பாருங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால் தினச் சம்பளத்தில் 80 சதவீதக் கணக்கில் உதவித்தொகை உண்டு. 'சும்மா பிடிப்புதான்' என்று மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் நிரூபிக்க முடியாமல் போகிறது. உங்களோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் 2019-லிருந்து இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு, அவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஆண்ட்டி, நான் ஏற்கெனவே 20 தடவைக்குப் பணம் கட்டி 8 தடவை முடித்துவிட்டேன். படுக்கும்போது சுகமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் பழையபடி வலி. தொடரவா?

படுத்திருக்கும்போது கிடைக்கும் சுகம் பொய்யில்லை. ஆனால் 8 தடவைக்குப் பிறகும் நடக்கிற தூரமோ உட்காரும் நேரமோ தூக்கமோ கூடவில்லை என்றால், மீதி 12-ல் கூடும் என்று நம்பக் காரணம் இல்லை. மீதிப் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால், மேசைக்குப் பதிலாக அந்த 12 தடவையிலும் உடற்பயிற்சி சொல்லித்தரும்படி கேளுங்கள். பல மையங்களில் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உள்ளேயேதான் இருப்பார்.