கர்னல் மாறியதும் ஓப்பன்ஏஎஃப்எஸ் ஏன் ஏறுவதில்லை?

டர்பனில் உங்கள் ஆய்வகக் கணினியில் லினக்ஸ் கர்னலைப் (இயங்குதளத்தின் மையப்பகுதி) புதுப்பித்ததும் ஏஎஃப்எஸ் அடைவு காணாமல் போனது, என்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேறு கணினியிலுள்ள கோப்புகளைப் பிணையம் வழியாகக் காட்டும் கோப்பு முறைமைகள்; ஏஎஃப்எஸ்ஸின் திறமூல வடிவம்தான் ஓப்பன்ஏஎஃப்எஸ்.

என்எஃப்எஸ் கிளையண்ட் (உங்கள் கணினியில் ஓடும் பகுதி) கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே எதையாவது மாற்றுபவர் அதையும் சேர்த்தே திருத்திவிடுவார். ஓப்பன்ஏஎஃப்எஸ் வெளியே நிற்கிறது. 2000இல் ஐபிஎம் அதை வெளியிட்ட உரிமம் கர்னலின் உரிமமான ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. உள்ளே சேர்க்க வழியில்லை. கர்னலின் உட்புற இடைமுகங்களோ பதிப்புக்குப் பதிப்பு மாறும், நிலையாக வைப்போம் என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. ஆகவே ஒவ்வொரு கர்னலுக்கும் ஓப்பன்ஏஎஃப்எஸ் மாட்யூலை (கர்னலில் ஏற்றப்படும் நிரல்துண்டு) புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும்.

அதை டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்யும், புதிய கர்னலின் ஹெடர் தொகுப்பு (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருந்தால். பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கரண்ட் போய் அப்டேட் பாதியில் நின்றிருந்தாலும் இதே கதைதான். ஹெடர் இருந்தும் கம்பைல் தோற்றால், கர்னல் ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸை முந்திவிட்டிருக்கலாம். பழைய கர்னலில் பூட் செய்து ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருங்கள்.

கர்னலுக்குள்ளேயே கேஏஎஃப்எஸ் என்று தனியாக எழுதப்பட்ட ஏஎஃப்எஸ் கிளையண்டும் உண்டு. அதை வேறொரு கணினியில் சோதித்துப் பார்க்கலாம். தினசரி வேலை நடக்கும் கணினியில் நான் உடனே மாற்ற மாட்டேன்.