கார் இல்லாமல் சிறு நகரத்தில் சமாளிக்க முடியுமா?

கேள்வி: பணி மாறுதலாகி ஒரு சிறு நகரத்துக்குக் குடிபெயர்கிறேன். என்னிடம் கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அங்கே நினைத்த நேரத்தில் பேருந்து கிடைக்காது என்கிறார்கள். அன்றாடம் போய்வர என்ன வழி?

பதில்: தாராளமாகச் சமாளிக்கலாம். ஆனால் அதற்கான முடிவை வீடு பார்க்கும்போதே எடுத்துவிட வேண்டும். சிறு நகரத்தில் தூரம் பெரிய தடையல்ல. ஒரு பேருந்துக்கும் அடுத்த பேருந்துக்கும் உள்ள இடைவெளிதான் தடை. தடங்கள் பெரும்பாலும் மையத்திலிருந்து நாலாபுறமும் பிரிந்து செல்வதால், ஒரு புறநகரிலிருந்து பக்கத்துப் புறநகருக்குப் போவதற்கும் மையத்துக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகிறவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பார். மாறும் இடத்திலும் அப்படியே நேர்ந்தால் நிற்பதிலேயே அரை மணி போய்விடும். ஆகவே தடங்கள் கூடும் இடத்திலிருந்து நடக்கும் தொலைவில், அதாவது ஒரு கிலோமீட்டருக்குள், வீடு தேடுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் அது வீண்செலவு அல்ல.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கால அட்டவணையை அடிக்குறிப்பு வரை படித்துவிடுங்கள். காலை 7.40 என்ற நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். கீழே தேடினால் ‘பள்ளி நாள்களில் மட்டும்’ என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் வீடு பிடித்தவர், விடுமுறைக் காலம் முழுவதும் வேலைக்குப் போகத் திண்டாடுவார். கடைசிப் பேருந்து எப்போது, ஞாயிற்றுக்கிழமை எத்தனை நடை என்பவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பேருந்து விடும் இடைவெளியை நிரப்ப மிதிவண்டியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிதானமாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம். 4 கிலோமீட்டரை 16 நிமிடத்தில் கடந்துவிடலாம். பொருள் வாங்கி வரும்போது பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள், திருப்பத்தில் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகப் பைகளை மாட்டிச் சுமையைச் சமமாகப் பிரித்து வைத்தால் வண்டி தடுமாறாது. மேடு பள்ளமான ஊர் என்றால் மின்மிதிவண்டி நல்லது. முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம் வேண்டும்.

மாதத்தில் சில பயணங்களுக்குக் கார் தேவைப்படவே செய்யும். அவற்றுக்கு வாடகைக் கார் அமர்த்திக்கொள்ளுங்கள். சிறு நகரங்களில் நள்ளிரவுக்குப் பிறகு வண்டி கிடைப்பது அரிது என்பதால், அதிகாலை ரயிலுக்குப் போவதாக இருந்தால் முந்தைய நாள் மாலையே சொல்லிவைத்துவிடுங்கள். குடியேறிய முதல் வாரத்திலேயே இரண்டு ஓட்டுநர்களின் எண்களை வாங்கி, இரவில் அழைத்தால் வருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.