அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றால் முதலில் காதைப் பாருங்கள்

ராயபுரத்தில் இருக்கும் உங்கள் அப்பா ரிடையர் ஆன பிறகு யாரோடும் பழகுவதில்லை, நாள் முழுக்க டிவி முன்னால்தான், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்குக்கு அனுப்புங்கள், ஏதாவது சங்கத்தில் சேர்த்துவிடுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். அதற்கு முன்னால், டிவி சத்தத்தை எவ்வளவு வைக்கிறார் என்று கவனியுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மாமனார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சாயந்திரமானால் தெருமுனை கேரம் கிளப்பில்தான் இருப்பார். முதலில் கிளப்பை விட்டார், அப்புறம் டீக்கடை, அப்புறம் சொந்தக்காரர் கல்யாணம்கூட இல்லை. கேட்டால் "அவனுங்களோட என்ன பேச்சு" என்பார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, திரும்பத் திரும்ப 'என்ன?' என்று கேட்கக் கூச்சம், அவ்வளவுதான் விஷயம். வயதாகும்போது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த மாதிரியான எழுத்துகள் நழுவிவிடும். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. எதிரில் உட்கார்ந்து பேசினால் பதில் சொல்கிறவர் கூட்டத்தில் வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான். வீட்டிலோ "நல்லாத்தானே கேக்குது, வேணும்னே பண்றார்" என்பார்கள், பாவம்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய் வராமல் தடுக்க நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. காது மந்தமும் தனிமையும் இரண்டுமே அதில் உண்டு.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது, கூட்டிப் போங்கள். சிலருக்கு வெறும் குறும்பி அடைப்பாகவே இருக்கும். காது கேட்கும் மெஷின் வைக்கச் சொன்னால் முதல் சில வாரம் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலாகத்தான் இருக்கும், கழற்றி டப்பாவில் போட விடாதீர்கள். முதலில் வீட்டில், அமைதியான நேரத்தில் பழகட்டும். மாமனார் அப்படித்தான் பழகினார், இப்போது மறுபடி கிளப்புக்குப் போகிறார்.

காதில் குறை இல்லையென்றால் மூத்திரப் பிரச்சினையை விசாரியுங்கள். புராஸ்டேட் வீங்கி அடிக்கடி போக வேண்டியிருந்தால், கழிப்பறை இல்லாத இடத்துக்கு எந்த ஆணும் வரமாட்டார், பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லமாட்டார். டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

அப்புறம், புது நண்பர்களைத் தேட வேண்டாம். சென்னையில் 60 வயதானவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, வாங்கிக் கொடுத்து, கூட வேலை பார்த்த பழைய சிநேகிதர் வீட்டுக்கு அனுப்புங்கள். முதல் தடவை நீங்களும் போய், "முகத்தைப் பார்த்து, ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க மாமா" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.